பவர் டூல் பேட்டரிகளை வீட்டிலேயே சரிசெய்து ஓட்டிய அனுபவம்

கார்ட்லெஸ் ட்ரில்லும் கிரைண்டரும் வருடக்கணக்காக என்னிடம் உழைக்கின்றன. மோட்டாருக்கு ஒன்றும் ஆவதில்லை. பேட்டரிதான் முதலில் படுத்துவிடும். அப்படிப் படுத்தவற்றைப் பிரித்துச் சரிசெய்ததில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று சொல்கிறேன்.

நன்றாகத் தேறியவை, ஒரு செல் மட்டும் பின்தங்கிப்போன லித்தியம் பேக்குகள். 18 வோல்ட் பேக்கில் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து தொடராக இருக்கும். சார்ஜரில் போட்டதும் சிவப்பு விளக்கு சிமிட்டி, சார்ஜ் ஏறாமல் நின்ற ஒரு பேக்கைத் திறந்து, செல் செல்லாக மல்டிமீட்டர் வைத்தேன். நான்கு செல்களில் 3.8 வோல்ட், ஒன்றில் மட்டும் 2.7. பல பேக்குகளில் செல்களைச் சமப்படுத்தும் ஏற்பாடே கிடையாது, அதனால் சின்ன வித்தியாசம் நாளாக ஆகப் பெரிதாகிவிடும். ஒற்றை லித்தியம் செல்லுக்கான சார்ஜரில் அந்த ஒன்றுக்கு மட்டும் மெதுவாக ஏற்றி 3.8-க்குக் கொண்டுவந்தேன். பேக் இன்னும் ஓடுகிறது. அவ்வப்போது மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பேக்குக்குள் இருக்கும் சில கட்டுப்பாட்டு சர்க்யூட் போர்டுகள் மட்டும் ஒருமுறை பழுது என்று பதிந்துவிட்டால், செல்லைச் சரிசெய்த பிறகும் சார்ஜ் ஏற்காது.

2 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த லித்தியம் செல்லை நான் தொடுவதே இல்லை. உள்ளேயிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம், தீயே பிடிக்கலாம்.

பழைய நிக்கல் காட்மியம் பேக்குகளுக்கு அதிக கரண்ட் கொடுத்து எழுப்பும் வித்தையைப் பலர் சொல்வார்கள். செல்லுக்குள் ஊசி போல வளர்ந்த காட்மியம் எரிந்துபோய் வோல்டேஜ் வருவது உண்மைதான். ஆனால் ஊசி துளைத்த தடுப்புத் தாள் துளைத்தபடியே இருக்கிறது. ஏற்றி வைத்த சார்ஜ் சும்மா கிடக்கும்போதே வடிந்துவிடும், கொஞ்ச நாளில் மறுபடி பூஜ்யம். செல் வெடிக்கும் அபாயம் வேறு. இதற்கு மெனக்கெடவே வேண்டாம்.

அப்புறம், செல் மாற்றுவது. கெட்டதை மட்டும் மாற்றினால் புதிய செல்லும் பழையதும் ஒத்துப்போகாது. மொத்த செட்டையும் மாற்றுவதே சரி. லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல்கள் ட்ரில்லுக்கு ஆகாது. ட்ரிக்கரை அழுத்தியதுமே வோல்டேஜ் சரிந்து கருவி நின்றுவிடும். 20 ஆம்பியர் அளவுக்குத் தொடர்ந்து கொடுக்கக்கூடிய செல்லாகப் பார்த்து வாங்க வேண்டும். 18650 செல்லில் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் கொண்ட உருளை செல்) 9900 எம்ஏஎச் (சார்ஜ் கொள்ளளவு) என்று அச்சிட்டிருந்தால் அது போலி. அந்த அளவு செல்லில் 3500-ஐத் தாண்டுவதே அரிது.

செல்களை நிக்கல் பட்டையால் இணைப்பதற்கு ஸ்பாட் வெல்டிங்தான், அதாவது நொடிநேர கரண்டில் பட்டையைப் புள்ளி புள்ளியாக ஒட்டுவது. சால்டரிங் சூடு செல்லைக் கெடுக்கும். பாசிட்டிவ் முனையைச் சுற்றியுள்ள காகித வளையத்தைக் கட்டாயம் பாருங்கள். செல்லின் உடல் முழுவதும் நெகட்டிவ். நடுவில் தடுப்பது பிளாஸ்டிக் உறையும் அந்த வளையமும்தான். வளையம் கிழிந்த இடத்தில் நிக்கல் பட்டை அழுந்தி உறையையும் வெட்டிவிட்டால் நேரடி ஷார்ட்.

நான் கட்டிய பேக்குகளை ட்ரில்லுக்கு நம்பிப் போடுகிறேன். கிரைண்டர் விடாமல் கரண்ட் இழுப்பதால் அதற்குக் கம்பெனி பேக் மட்டும்தான்.