48,500 ரூபா போச்சு: பழைய மொறிஸ் மைனருக்கு பிறேக் சாமான் தேடுற ஆக்கள் கவனம்

நேத்து ராவு முழுக்க நித்திரை இல்ல. கோபம் ஆறுறதுக்கு முந்தி எழுதிப் போடுறன். ஆறினா "சரி, போகட்டும்" எண்டு விட்டுடுவன், என்ட குணம் அப்படி.

எங்கட வீட்டில ஒரு மொறிஸ் மைனர் பிக்கப் நிக்குது. அப்பா எடுத்தது, ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர், 1098 சிசி எஞ்சின். பாண்டிருப்பில இருந்து கிட்டங்கித் தாம்போதியால நாவிதன்வெளி வயலுக்கு விதைநெல்லும் பசளையும் போறது அதிலதான். போன மாசம் வயலால வரக்குள கட்டாக்காலி மாடு ரெண்டு குறுக்க வந்திச்சு. மிதிச்சன், பெடல் நேரா அடியில போய் இருந்திட்டு. மைனர்ல நாலு சில்லுக்கும் ஒரே பிறேக் ஒயில் லைன்தான், ஒரு வீல் சிலிண்டர் (சில்லுக்குள்ள பிறேக்கத் தள்ளுற சாமான்) ஒழுகினா நாலும் இல்ல. ஹேண்ட் பிறேக் தனிக் கம்பியில வேலை செய்யிறபடியா நானும் தப்பினன், மாடும் தப்பிச்சு.

கராஜ் மெக்கானிக் காக்கா முன்சில்லு ரெண்டையும் கழட்டிப் பார்த்தார். ஒரு சில்லுக்கு ரெண்டு சிலிண்டர், மொத்தம் நாலு. நாலும் மாத்த வேணும் எண்டார். பிறேக் சூ (சில்லோட சுத்துற ட்றமில உரசி நிப்பாட்டுறது) ஒயில்ல ஊறிக் கிடக்கு, ஒயில் போற ஹோஸ் ரெண்டும் வெடிப்பு. கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு ரவுண் எல்லாம் ஏறி இறங்கினன், கிடைக்கேல. ராவு பஸ் ஏறி கொழும்பில வாகனச் சாமான் கடை நிறைஞ்ச பஞ்சிகாவத்தைக்குப் போயிருக்கலாம். சிறுபோக வெட்டு நேரம், வயல விட்டுட்டுப் போக மனமில்ல. அதுதான் நான் விட்ட முதல் பிழை.

பழைய வாகனச் சாமான் விக்கிற ஒரு ஒன்லைன் பக்கத்தில கேட்டன். பேர் சொல்லல்ல, சொன்னா பேர மாத்திட்டு நாளைக்கு வேற பக்கம் திறப்பான். அவன் முதல்ல விலை சொல்லல்ல. "அண்ணா, உங்கட முன் ட்றம் 7 அங்குலமா 8 அங்குலமா?" எண்டு கேட்டான். மைனர் வச்சிருக்கிற ஆக்களுக்குத் தெரியும், 1962 கடைசியில 1098 எஞ்சின் வரக்குளதான் முன் ட்றம் 8 அங்குலமாச்சு. அதுக்கு முந்தினது 7. எஞ்சின் மாத்தின வண்டியும் இருக்கிறபடியா அளந்துதான் பார்க்க வேணும். இது தெரிஞ்ச ஆள் ஏமாத்தமாட்டான் எண்டு நினைச்சன். வீட்டுக்குப் போய் ட்றம அளந்து 8 எண்டு போட்டோவோட அனுப்பினன்.

இன்னொண்டையும் சொல்ல வேணும். மாஸ்டர் சிலிண்டரும் (பெடல் மிதிக்க ஒயிலத் தள்ளுறது) தாங்க எண்டு நான்தான் கேட்டன். "வேணாம் அண்ணா, அது ட்றைவரிட காலடித் தகட்டுக்குக் கீழ சசிக்குள்ள கிடக்கு. கழட்டுறதுக்கு முன்சில்லத் தாங்குற டோர்சன் பாரையும் அசைக்க வேணும். ரபர் மட்டும் மாத்துங்க, வீண் செலவு" எண்டான். விக்கிறவனே வாங்காத எண்டு சொன்னா ஆர்தான் நம்பமாட்டான்? அந்த இடத்தில விழுந்தன். முதல் 20,000 போட்டன். "பார்சல் கட்டியாச்சு" எண்டு கயிறு போட்ட பெட்டிட படம் வந்திச்சு, மிச்சம் 28,500ஐயும் போட்டன். மொத்தம் 48,500 ரூபா. எல்லாம் புதுச் சாமான் எண்டுதான் பேச்சு.

பெட்டிய காக்காட கராஜிலதான் பிரிச்சம். சிலிண்டர் பளபள எண்டு வெள்ளி நிறம். காக்கா ஒண்டும் பேசாம நிகத்தால சுரண்டினார், பெயின்ட் உரிஞ்சு கீழ கறள் தூளாக் கொட்டிச்சு. பிஸ்டன எடுத்துட்டு உள்ளுக்கு சுண்டுவிரல விட்டார், என்னையும் விட்டுப் பார்க்கச் சொன்னார். குழி குழியா இருக்கு. ரபர் அந்தக் குழியில உரசி ஒரு மாசம் தாங்காது. சூவ ட்றமுக்குள்ள வச்சா நடுவில விரல் போகுது, அது 7 அங்குலத்திட சூ! கேட்டு, அளவு வாங்கி, படமும் பார்த்துட்டு 7 அனுப்பியிருக்கான். ஹோஸ் மில்லிமீட்டர் மரை, மைனருக்கு வேணும் இங்கிலீஸ் மரை. முதல் மரையிலேயே கடிச்சு நிண்டுட்டு. "தம்பி, இத மாட்டினா நீங்க கிட்டங்கியில நேரா தண்ணிக்குள்ளதான்" எண்டார்.

மறுகா தொடங்கின கூத்தச் சொல்றன். முதல் நாள்: "பின்னுக்குப் போடுங்க அண்ணா, பின் ட்றம் 7 தானே." அடப்பாவி, அது தெரிஞ்சுதான் அனுப்பியிருக்கான்! பின் சூவுக்கு போன வருசம்தான் லைனிங் அடிச்சது. ரெண்டாம் நாள்: "உங்கட மெக்கானிக்குக்கு பழைய வண்டி தெரியாது." காக்கா மைனர் கழட்டத் தொடங்கக்குள இவன் பிறந்திருக்கமாட்டான். மூண்டாம் நாள்: "பாட்னரோட கதைக்கிறன்." நாலாம் நாள்: "திருப்பி அனுப்புங்க, பார்சல் காசு உங்கட, பார்த்துட்டுச் சொல்றன்." எந்த விலாசத்துக்கு எண்டு கேட்டன். பார்த்ததுக்கு அடையாளம் விழுந்திச்சு, பதில் வரல்ல. அதுக்குப் பிறகு என்ட நம்பர் அடைபட்டுட்டு. மனிசிட போனால எடுத்தன், "சொல்லுங்க அக்கா" எண்டு தேன் மாதிரி ஒரு குரல். என்ட சத்தம் கேட்டதும் வெட்டிட்டான்.

48,500 ரூபா. இதோட வயலுக்கு லேண்ட்மாஸ்டர் (கை ட்றக்டர்) கூலி வேற குடுத்துக்கொண்டு இருக்கன்.

என்ன கவனிக்கணும் எண்டு விரிவா எழுதத்தான் நினைச்சன், இப்ப ஏலாது. ட்றம அளந்து வச்சுக்கொண்டு கேளுங்க. சிலிண்டர கையில எடுத்து உள்பக்கம் தடவாம காசு குடுக்காதீங்க, வெள்ளி பெயின்ட் அடிச்சிருந்தா சுரண்டுங்க. பழைய ஹோஸ் ஒண்ட கூடவே கொண்டுபோய் மரை பாருங்க. ரசீது கேளுங்க, நான் கேட்கல்ல. நுகர்வோர் அதிகாரசபைட நம்பர் 1977, முறைப்பாடு குடுக்கிறதுக்கு வங்கித் துண்டையும் போனில வந்த கதையையும் எடுத்து வச்சிருக்கன்.

7 அங்குல ட்றம் உள்ள மைனர் ஆராவது வச்சிருந்தா அந்த சூவ வந்து எடுத்துக்கொண்டு போங்க, காசு வேணாம். காக்கா பார்த்தவர், சூ மட்டும் பழுதில்லையாம். சிலிண்டர் நாலையும் ஆருக்கும் குடுக்கமாட்டன்.