ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்: பவர்ஷெல்லில் கட்டினால்தான் உருப்படியான பூல்

நாலைந்து ஹார்டு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிரைவாகக் காட்டும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் வசதி, விண்டோஸ் 8, விண்டோஸ் சர்வர் 2012 வந்த நாளிலிருந்தே விண்டோஸுக்குள் இருக்கிறது. டிஸ்க்குகளை இணைத்து நிர்வகிக்கும் தனி ரெய்டு கார்டு வேண்டாம். டிஸ்க்குகள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இருந்தும் எழுதும்போது ஆமை வேகம் என்ற கெட்ட பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குப் பெரிய காரணம் கண்ட்ரோல் பேனல் திரைதான். வேகத்தையும், பின்னால் டிஸ்க் சேர்க்கும் வசதியையும் தீர்மானிக்கிற இரண்டு எண்களை அது உங்களிடம் கேட்பதே இல்லை. தானாக ஒன்றைப் போட்டுவிடுகிறது, ஒருமுறை போட்டால் மாற்றவும் முடியாது. கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் விண்டோஸின் பவர்ஷெல்லில் அந்த இரண்டையும் நீங்களே கொடுக்கலாம்.

பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் எந்த டிஸ்க்குகள் பூலுக்கு, அதாவது டிஸ்க்குகளைச் சேர்த்து உருவாக்கும் பொதுத் தொகுப்புக்கு, தயார் என்று பாருங்கள் (இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்):

கெட்-ஃபிசிக்கல்டிஸ்க் -கேன்பூல் $ட்ரூ

எதிர்பார்த்த டிஸ்க் பட்டியலில் வரவில்லையென்றால், அதன் கேன்நாட்பூல்ரீசன் என்ற விவரத்தைப் பாருங்கள். 'இன்சஃபிஷியன்ட் கெப்பாசிட்டி' என்று வந்தால் டிஸ்க் சிறியது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பார்ட்டிஷன் ஒன்று இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் வழக்கமாக அதன் பொருள். கிளியர்-டிஸ்க் கட்டளையோடு -ரிமூவ்டேட்டா சேர்த்தால் சரியாகிவிடும், ஆனால் டிஸ்க்கில் உள்ளது மொத்தமும் போய்விடும். 'இன் எ பூல்' என்றால் முன்பு வேறொரு பூலில் இருந்த டிஸ்க். பழைய பூலின் தரவு இனி வேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ரீசெட்-ஃபிசிக்கல்டிஸ்க் கொடுங்கள். சில யூஎஸ்பி டாக்குகள் (டிஸ்க்குகளைச் செருகும் பெட்டிகள்) தங்களுக்குள் செருகிய எல்லா டிஸ்க்குகளுக்கும் ஒரே அடையாள எண்ணைச் சொல்லும். அப்போது நான்கு டிஸ்க் செருகினாலும் பூலுக்கு ஒன்றுதான் தெரியும். கட்டளையால் இதைச் சரிசெய்ய வழியில்லை, டாக்கை மாற்ற வேண்டியதுதான். முடிந்தவரை சாட்டா போர்ட்டிலேயே நேரடியாக இணையுங்கள்.

இணையத்தில் சுற்றும் குறிப்புகள் பலவும், மேலே வந்த பட்டியலை அப்படியே பூலுக்குள் தள்ளச் சொல்கின்றன. அதைச் செய்யாதீர்கள். வேறு வேலைக்காக வாங்கிச் செருகி வைத்த காலி எஸ்எஸ்டியும் சேர்ந்து உள்ளே போய்விடும். சீரியல் எண்ணைப் பார்த்து வடிகட்டி, வேண்டிய டிஸ்க்குகளை மட்டும் $டிஸ்க்ஸ் என்ற மாறியில் எடுத்துக்கொண்டு பூலை உருவாக்குங்கள்:

நியூ-ஸ்டோரேஜ்பூல் -ஃபிரெண்ட்லிநேம் "பூல்1" -ஸ்டோரேஜ்சப்சிஸ்டம்ஃபிரெண்ட்லிநேம் "விண்டோஸ் ஸ்டோரேஜ்*" -ஃபிசிக்கல்டிஸ்க்ஸ் $டிஸ்க்ஸ்

கையோடு இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். ஒரே மாடல் டிஸ்க் நான்கு இருந்தால் நான்கும் ஒரே பெயரில்தான் தெரியும். செட்-ஃபிசிக்கல்டிஸ்க் கட்டளையில் -நியூஃபிரெண்ட்லிநேம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பெயராக வையுங்கள், அதே எண்ணை டிஸ்க்கின் மேலும் எழுதி ஒட்டுங்கள். ஒரு டிஸ்க் பழுதாகும் நாளில், நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிடாமல் காப்பாற்றப்போவது இந்தச் சீட்டுதான்.

இப்போது மையமான விஷயத்துக்கு வருவோம். விர்ச்சுவல் டிஸ்க்கை, அதாவது பூலின் இடத்தை ஒரே டிரைவாகக் காட்டும் டிஸ்க்கை, உருவாக்கும் நியூ-விர்ச்சுவல்டிஸ்க் கட்டளையில் -நம்பர்ஆஃப்காலம்ஸ், -இன்டர்லீவ் என்ற இரண்டும்தான் கண்ட்ரோல் பேனல் கேட்காமல் விடும் எண்கள். ஒரே நேரத்தில் எத்தனை டிஸ்க்குகளில் பரப்பி எழுத வேண்டும் என்பது நெடுவரிசை எண்ணிக்கை. ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஒரு தடவைக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்பது இன்டர்லீவ், அது தானாக எடுத்துக்கொள்ளும் அளவு 256 கேபி.

ஒரே தரவை வெவ்வேறு டிஸ்க்குகளில் நகலெடுத்து வைக்கும் மிரர் முறையில் குழப்பம் குறைவு. இரண்டு நகல் மிரருக்கு 2 டிஸ்க்கும், மூன்று நகலுக்கு 5 டிஸ்க்கும் குறைந்தபட்சம் வேண்டும். 4 டிஸ்க், இரண்டு நகல், நெடுவரிசை 2 என்று வைத்தால் வேகம் நன்றாக இருக்கும். ஆனால் பூல் நிரம்பிய பிறகு 2 டிஸ்க் மட்டும் சேர்த்தால் உடனே பயன் கிடைக்காது. 2 நெடுவரிசை, 2 நகல் என்றால் எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் 4 வெவ்வேறு டிஸ்க்கில் காலியிடம் வேண்டும். ஆப்டிமைஸ்-ஸ்டோரேஜ்பூல் ஓட்டி, பழைய தரவைப் புது டிஸ்க்குகளுக்கும் பரப்பிய பிறகே இடம் திறக்கும். அது விண்டோஸ் 10 முதல் உள்ள பூல்களில்தான் உண்டு, நேரமும் நிறைய எடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க் வாங்கிச் சேர்ப்பவர்கள் நெடுவரிசையை 1 என்றே வைக்கலாம். எழுதும் வேகம் ஒரு டிஸ்க்கின் வேகத்தைத் தாண்டாது, ஆனால் இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

முழு நகலுக்குப் பதிலாக, டிஸ்க் போனாலும் தரவை மீட்க உதவும் ஒரு கணக்கை எழுதி வைக்கும் பாரிட்டியில்தான் கெட்ட பெயரே. எழுதும் துண்டு ஒரு முழு வரிசையை நிரப்பாவிட்டால், பழைய தரவைப் படித்து, பாரிட்டியைத் திரும்பக் கணக்கிட்டு, மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. வேகம் அங்கேதான் நொறுங்குகிறது. இதைத் தவிர்க்க ஒரு கணக்கு இருக்கிறது: நெடுவரிசையில் ஒன்றைக் கழித்து, இன்டர்லீவால் பெருக்கினால் வருவது, என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு முறையின் அலோகேஷன் யூனிட் (கோப்புக்கு இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அலகு) அளவோடு பொருந்த வேண்டும்; இங்கே அதை 64 கேபி என்று வைக்கப்போகிறோம். 3 டிஸ்க், 3 நெடுவரிசை, 32 கேபி இன்டர்லீவ் என்றால் 2 × 32 = 64 கேபி. 5 நெடுவரிசை என்றால் 4 × 16 = 64 கேபி. 4 நெடுவரிசை என்றால் தரவுக்கு 3 கிடைக்கும், 3-ஐ வைத்து எந்த இன்டர்லீவைப் பெருக்கினாலும் 64 வராது. அதனால் 4 டிஸ்க் இருந்தாலும் 3 நெடுவரிசையே மேல். 3 டிஸ்க்குக்கான கட்டளை இது:

நியூ-விர்ச்சுவல்டிஸ்க் -ஸ்டோரேஜ்பூல்ஃபிரெண்ட்லிநேம் "பூல்1" -ஃபிரெண்ட்லிநேம் "காப்பகம்" -ரெசிலியன்சிசெட்டிங்நேம் பாரிட்டி -நம்பர்ஆஃப்காலம்ஸ் 3 -இன்டர்லீவ் 32கேபி -புரொவிஷனிங்டைப் ஃபிக்ஸ்ட் -யூஸ்மேக்சிமம்சைஸ்

பிறகு இனிஷியலைஸ்-டிஸ்க் (ஜிபிடி), நியூ-பார்ட்டிஷன், ஃபார்மட்-வால்யூம் என்று வரிசையாகப் போங்கள். கடைசிக் கட்டளையில் -அலோகேஷன்யூனிட்சைஸ் 64கேபி கொடுக்க மறந்தால் 4 கேபி விழும், இன்டர்லீவ் கணக்கு முழுக்க வீணாகிவிடும்.

கணக்குப் பார்க்காமலே பாரிட்டி வேகத்தைக் கூட்ட, -ஈஸ்பவர்புரொடெக்டட் $ட்ரூ போடச் சொல்லும் குறிப்பும் பரவலாக இருக்கிறது. வேகம் கூடும், உண்மை. ஆனால் அது டிஸ்க்கின் கேஷ் (தற்காலிக நினைவகம்) மின்சாரம் போனாலும் பிழைக்கும் என்று விண்டோஸிடம் வாக்குக் கொடுக்கும் அமைப்பு. சாதாரண ஹார்டு டிஸ்க்குகளில் அந்த வாக்கு பொய். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் வால்யூமே சிதையலாம். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எழுத எழுத மட்டுமே பூலிலிருந்து இடம் எடுக்கும் தின் முறைக்கும் ஒரு எச்சரிக்கை. 10 டெராபைட் பூலில் 20 டெராபைட் டிரைவ் இருப்பதாகக் காட்டலாம். பூல் முழுதாக நிரம்பிய கணத்தில் விர்ச்சுவல் டிஸ்க் ஆஃப்லைன் ஆகிவிடும், எக்ஸ்ப்ளோரரோ இன்னும் பாதி காலி என்று சொல்லிக்கொண்டிருக்கும். கெட்-ஸ்டோரேஜ்பூல் காட்டும் அலோகேட்டட்சைஸை அடிக்கடி பாருங்கள். கோப்புகளை அழித்தாலும் இடம் பூலுக்கு உடனே திரும்பாது. இடம் 256 எம்பி துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், அவற்றை ஒதுக்கிச் சேர்த்துத் திருப்பித் தர ஆப்டிமைஸ்-வால்யூம் கட்டளையோடு -ஸ்லாப்கன்சாலிடேட், -ரீட்ரிம் கொடுக்க வேண்டும். பொதுவாக, இடத்தை முதலிலேயே முழுதாக ஒதுக்கிவிடும் ஃபிக்ஸ்ட் முறையே நிம்மதி.

டிஸ்க் பழுதானால் வரிசை முக்கியம். முதலில் ஆட்-ஃபிசிக்கல்டிஸ்க் மூலம் புது டிஸ்க்கைச் சேருங்கள். பழுதானதை செட்-ஃபிசிக்கல்டிஸ்க் -யூசேஜ் ரிட்டயர்ட் என்று குறியுங்கள். ரிப்பேர்-விர்ச்சுவல்டிஸ்க் ஓட்டுங்கள், கெட்-ஸ்டோரேஜ்ஜாப் காட்டும் வேலைகள் எல்லாம் முடியும்வரை காத்திருங்கள். அதன் பிறகுதான் ரிமூவ்-ஃபிசிக்கல்டிஸ்க். அவசரப்பட்டு முதலிலேயே கழற்றினால், மிச்சமிருந்த நகலையும் இழக்க நேரலாம்.

என்டிஎஃப்எஸ் தரவுக்கு செக்சம் (தரவு சிதைந்ததா என்று சரிபார்க்கும் எண்) வைப்பதில்லை. மிரரின் இரு நகல்களும் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. இசட்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறை இந்த இடத்தில் தெளிவாக முன்னால் நிற்கிறது. பாரிட்டி ஸ்பேஸில் மட்டும் தரவை வைத்துவிட்டு, வேறு எங்கும் நகல் இல்லாமல் இருப்பதும் ஆபத்துதான். 2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 பதிப்புக்கு மாறியபோது பாரிட்டி ஸ்பேஸ்களில் கோப்புகள் சிதைந்த சிக்கலை மைக்ரோசாஃப்டே அறிவித்தது. செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் தேடித் திருத்தும் கருவி) ஓட்ட வேண்டாம், டிஸ்க்கை ரீட்-ஒன்லியாக வையுங்கள் என்றும் அப்போது சொன்னது.

இதன் பெரிய பலம் இடமாற்றம். பூலின் விவரம் டிஸ்க்குகளிலேயே இருப்பதால், மதர்போர்டு செத்தாலும் டிஸ்க்குகளை வேறொரு விண்டோஸ் கணினியில் செருகினால் பூல் எழுந்துவிடும். சில சமயம் ரீட்-ஒன்லியாக வரும், செட்-ஸ்டோரேஜ்பூல் -ஈஸ்ரீட்ஒன்லி $ஃபால்ஸ் கொடுங்கள். விர்ச்சுவல் டிஸ்க் பிரிந்து நின்றால் கனெக்ட்-விர்ச்சுவல்டிஸ்க். ஒவ்வொரு முறை ரீஸ்டார்ட் செய்யும்போதும் பிரிந்தால் -ஈஸ்மேனுவல்அட்டாச் $ஃபால்ஸ். பூலைப் புதிய விண்டோஸின் பதிப்புக்கு உயர்த்தும் அப்டேட்-ஸ்டோரேஜ்பூல் மட்டும் யோசித்து ஓட்டுங்கள்: அதன் பிறகு பழைய விண்டோஸ் அந்தப் பூலைத் திறக்காது.