கோவையில முதியோர் இல்லத்துக்கு டெபாசிட் கட்டப் போறீங்களா, ஒரு நிமிஷம்

வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கமெல்லாம் சீனியர் லிவிங்னு போர்டு ஏகப்பட்டது வந்தாச்சு. நடமாட்டத்தோட இருக்கறவங்க வீடு வாங்கி இருக்கற இடம் வேற, படுக்கையில இருக்கறவங்கள பார்த்துக்கற இடம் வேற. நான் சொல்றது ரெண்டாவது. கேஸ் நடக்கறதால பேர் போடல.

எங்க பெரியம்மா ரிட்டயர்டு டீச்சர், கல்யாணம் பண்ணிக்கல, ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. போன்ல கேட்டப்ப மாசம் 28,000, "எல்லாமே இன்க்ளூசிவ்ங்க மேடம்"னாங்க, டெபாசிட் 2 லட்சம், காலி பண்ணினா திருப்பித் தருவோம்னாங்க. முதல் மாச பில்லே 41,000 சொச்சம். அட்டெண்டர் தனி, டயப்பர் தனி, பிசியோ தனி, துணி துவைக்கத் தனி, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற, ஆனா பில்லுல ஜிஎஸ்டி நம்பரக் காணோம். கேட்டா அப்ளை பண்ணியிருக்கோம்ங்கறாங்க. ரிஜிஸ்டரே ஆகாதவங்க ஜிஎஸ்டி வசூல் பண்ணவே கூடாதுங்க. நம்பர் குடுத்தாலும் ஜிஎஸ்டி சைட்ல போட்டுப் பாருங்க, யார் பேர்ல இருக்குன்னு வந்துடும்.

பணத்த விடுங்க, வயிறு எரியறது இதுக்கில்ல. 24 மணி நேர நர்ஸ்னு சொன்னாங்க, வெள்ளை யூனிஃபார்ம் போட்ட சின்னப் பொண்ணுதான், நர்சிங் படிச்சதே இல்ல, பாவம் ராத்திரி மொத்த மாடிக்கும் அவ ஒருத்திதான். அந்தப் பொண்ண நான் குறை சொல்ல மாட்டேன். நாங்க பார்க்கப் போனா பெரியம்மாவ பவுடர் போட்டு வீல்சேர்ல ஹாலுக்குக் கூட்டிட்டு வந்துடுவாங்க, ரூமுக்குள்ள விட மாட்டாங்க, மத்தவங்க ப்ரைவசியாம். வீல்சேர்ல உக்காந்திருக்கறவங்க முதுகு நமக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் வாடை தாங்காம சண்டை போட்டு உள்ள போய் திருப்பிப் பார்த்தா இடுப்புக்குக் கீழ படுக்கைப் புண், உள்ளங்கை அகலத்துக்கு. படுத்த படுக்கையா இருக்கறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவையாவது திருப்பிப் படுக்க வைக்கணும், அதுக்கு கட்டில் பக்கத்துல ஒரு சார்ட்டும் மாட்டியிருந்துச்சு. நாங்க நின்னது மத்தியானம். ராத்திரி 10 மணி கட்டம் வரைக்கும் டிக் போட்டு வச்சிருக்காங்க. போட்டோ எடுத்தேன், கேஸ்ல இப்ப அதுதான் பெரிய சாட்சி.

அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டோம். டெபாசிட் கேட்டா அக்ரிமெண்ட்ட நீட்டறாங்க, அந்த பெட்டுக்கு வேற ஆள் வந்த பிறகுதான் பணமாம், மூணு மாச நோட்டீஸ் குடுக்காததுக்கு அதுலயும் கழிப்பாங்களாம், ஆஸ்பத்திரில இருந்த நாளுக்கும் பெட் வாடகையாம். சேர்க்கறதுக்கு முன்னாடி இந்த ரீஃபண்ட் பக்கத்தத்தான் முதல்ல படிக்கணும், எத்தனை நாள்ல தருவாங்கன்னு தேதிக் கணக்கு இல்லைன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

மாவட்ட சமூக நல அலுவலகத்துல புகார் குடுக்கப் போனப்பதான் இல்லத்துக்குப் பதிவே இல்லன்னு தெரிஞ்சுது. 14567 முதியோர் ஹெல்ப்லைன்ல நல்லாப் பேசினாங்க, எங்க போகணும்னு வழி சொன்னாங்க. கன்ஸ்யூமர் கேஸுக்கு வக்கீல் கட்டாயமில்ல, நாம கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸும் கிடையாது, 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையத்துலயே போடலாம்.

பெரியம்மா இப்ப எங்க வீட்ல, புண் மெதுவா ஆறுது. இதே மாதிரி டெபாசிட் மாட்டிக்கிட்டவங்க கோவைல இருந்தா அக்ரிமெண்ட் காப்பியோட மெசேஜ் பண்ணுங்க, இல்லம் நடத்தறது ஒரே ஆளுங்கன்னா கேஸ சேர்ந்தே போடலாம்.