பழைய டெஸ்க்டாப்: பாகம் மாற்றுவதா, பெட்டியையே மாற்றுவதா?

என் டெஸ்க்டாப் 2014இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பவர் பட்டனை அழுத்திவிட்டுப் போய்ப் பல் தேய்த்து வந்தாலும் திரையில் புள்ளிகள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். இதோடு மல்லுக்கட்டியது போதும், புதிதாக வாங்கிவிடலாம் என்று முடிவே செய்திருந்தேன். கடைசியில் வாங்கியது ஒரே ஒரு எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் தட்டு இல்லாத டிரைவ்.

புதுப் பெட்டியின் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேகம், வாரண்டி, குறைந்த மின்செலவு, எல்லாம் உண்மை. ஆனால் செலவு பெட்டியோடு நிற்காது. என் மானிட்டரில் விஜிஏ என்ற பழைய ரக இணைப்பு மட்டும்தான். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் அது கிடையாது. அடாப்டர் வாங்க வேண்டும், இல்லையென்றால் மானிட்டரும் மாற வேண்டும்.

பாகம் மாற்றுவதிலும் இதே வலை உண்டு. ப்ராசஸரை மட்டும் மாற்றலாமே என்றுதான் பலரும் தொடங்குவார்கள். ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் ஒத்துவராது, அதனால் மதர்போர்டு மாறும். புது மதர்போர்டு டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 ரக ராம் கேட்கும். என் பெட்டியில் இருக்கும் பழைய டிடிஆர்3 ராமில் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டுக்குள் இறங்கவே இறங்காது. மிஞ்சுவது கேபினெட்தான். அதற்குப் பேர் அப்கிரேடு இல்லை, தவணை முறையில் புதுக் கம்ப்யூட்டர். (ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2017இல் வந்த மதர்போர்டுகள் பலவும் பயாஸ் எனும் அடிப்படை மென்பொருளை அப்டேட் செய்த பிறகு ரைசன் 5000 ப்ராசஸர் வரிசையை ஏற்கும்.)

அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே கேள்விதான் வைத்தேன்: நாளைக்கு இந்தப் பெட்டியே செத்தாலும் இது அடுத்த பெட்டிக்குக் கூட வருமா? எஸ்எஸ்டி வரும், அதைச் செருகும் சாட்டா இணைப்பு புது மதர்போர்டுகளிலும் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு வரும். நல்ல பவர் சப்ளையும் பெரும்பாலும் வரும். ஆனால் சில பிராண்டட் பெட்டிகளில் கனெக்டரே தனி ரகமாக இருக்கும், திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய சாக்கெட்டுக்கான ப்ராசஸர் வராது. டிடிஆர்3 ராமும் வராது. அந்த ராமில் மட்டும் நான் தப்பித்தேன், நண்பர் ஒருவர் கழற்றிப் போட்டிருந்த 4 ஜிபி சும்மா கிடைத்தது.

அந்த எஸ்எஸ்டி மட்டும் என்ன பெரிதாகச் செய்துவிடும்? நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், வேண்டிய இடம் படிக்கும் ஹெட்டுக்கு அடியில் வரவே சராசரியாக 4 மில்லி விநாடி ஆகும். ஹெட் நகரும் நேரம் தனி. சின்னச் சின்ன ஃபைல்களை அங்கங்கே தேடும்போது விநாடிக்கு 100 முறை படித்தாலே பெரிது. எஸ்எஸ்டியில் அது ஆயிரக்கணக்கில் நடக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், ப்ராசஸர் 10 சதவீதம் என்று காட்டினால், ப்ராசஸருக்கு வயதாகிவிட்டது என்று திட்டாதீர்கள். அது வேலை வராமல் கை கட்டி உட்கார்ந்திருக்கிறது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ப்ராசஸர் விசிறியில் கம்பளி போர்த்தியதுபோல் தூசி. முதலில் அதற்கே அரை மணி நேரம். 2.5 அங்குல எஸ்எஸ்டியைப் பொருத்தத் தோதான இடம் இல்லை. உள்ளே எதுவும் சுழலப்போவதில்லையே என்று இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிவிட்டேன். இப்போது இருபது விநாடியில் தயாராகிவிடுகிறது.

சரி, இடிக்கும் இடம் விண்டோஸ். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கும். குறுக்கு வழியில் ஏற்றலாம்தான். அப்டேட் எப்போது நிற்குமோ என்று பயந்துகொண்டே ஓட்ட எனக்கு மனசு வரவில்லை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டேன். பிரவுசர், லிப்ரே ஆபிஸ், தமிழ்த் தட்டச்சு என்று என் வேலைக்கு அது தாராளம். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளை வைத்துப் பிழைப்பவர் என்றால், என் பெட்டி வயதுள்ளதற்குச் செலவு செய்யாமல் புதிதே வாங்குங்கள். வீடியோ எடிட்டிங், கேம் பக்கம் நான் போனதே இல்லை. அங்கே என் பேச்சைக் கேட்டு இறங்க வேண்டாம்.

என் மதர்போர்டு போகிற அன்றைக்குப் புதுசு வாங்கிக்கொள்வேன். எஸ்எஸ்டியைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். அந்த டேப்பைப் பிய்ப்பதுதான் பெரும்பாடாக இருக்கும்.