பீனிசம் என்னும் சைனஸ் தொல்லைக்கு 14,500 ரூபாய் பறித்தார்கள். நோய் இருந்ததோ பல்லில்

நேற்று மாலைதான் சிடி ஸ்கேன் முடிவு வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான்கு மாதங்களாக இடது கன்னத்தில் பாரம். குனிந்து செருப்பு வாரை மாட்டினால் கண்ணுக்குக் கீழே விண்விண் என்று தெறிக்கும். இடது மூக்கில் மட்டும் மஞ்சள் சளி, அழுகிய நாற்றம். அப்போதுதான் கைப்பேசியில் அந்த விளம்பரம்: 'ஒரு மண்டலத்தில் பீனிசம் வேரோடு போகும்.' மூலிகை மருந்தை வீட்டுக்கே அனுப்பும் இணையக் கடை.

பேசிய பெண் இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். "அண்ணா, கட்டைவிரலால் கண்ணுக்குக் கீழே அழுத்துங்கள், வலிக்கிறதா?" வலித்தது. "அங்கேதான் நஞ்சு கட்டியிருக்கிறது" என்றார். அந்தப் பொறுமையை நம்பித்தான் 14,500 ரூபாய் அனுப்பினேன். ஒரு பக்கம் மட்டும் ஏன் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

வந்தவை மூக்கில் விடும் நசியத் துளி இரண்டு சீசா, ஒரு டப்பா சூரணம். தயாரித்தவர் பெயர் இல்லை, உரிம எண் இல்லை. ஈரக்கை பட்டதும் லேபிளின் மை விரலில் ஒட்டியது. துளி விட்டால் நெற்றி வரை எரியும். பத்தாம் நாள் கேட்டேன்: "நஞ்சு இறங்குகிறது, எரியத்தான் செய்யும்." இருபதாம் நாள்: "பத்தியம் மீறியிருப்பீர்கள், தயிர் சாப்பிட்டீர்களா?" பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "மருத்துவக் குழுவிடம் பேசிவிட்டு அழைக்கிறோம்." இப்போது மணி அடித்து ஓய்கிறது, எடுக்க ஆளில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் கேட்டதே, "ஒரு பக்கம் மட்டுமா? நாற்றமா?" என்றுதான். ஸ்கேனில் இடது கன்னத்துச் சைனஸ், அதாவது எலும்புக்குள் இருக்கும் காற்றறை, மட்டும் நிறைந்து கிடக்கிறது; அதன் அடியில் மேல் கடைவாய்ப் பல்லின் வேர் நுனியில் சீழ். வேருக்கும் சைனஸுக்கும் நடுவே மெல்லிய எலும்புதான், பல் கெட்டால் சீழ் மேலே ஏறும் என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் அடைத்துக்கொண்ட அதே பல். அதைச் சரிசெய்யாமல் மூக்கில் எதை ஊற்றினாலும் தீராதாம். 14,500 ரூபாய் கொட்டி நான் சீழைத்தான் வளர்த்திருக்கிறேன்.

பல் மருத்துவரிடம் கிளம்ப வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். உரிம எண் இல்லாத சீசாவை மூக்கில் விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் நாறும் சளி வந்தால் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். கண் வீங்கினாலோ பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்துவிட்டேன். 14,500 ரூபாய் அனுப்பிய ரசீது பத்திரமாக இருக்கிறது.