போராவா, பரெய்ராவா?
செர்பியரான போரா மிலுட்டினோவிச், பிரேசிலின் கார்லோஸ் ஆல்பர்ட்டோ பரெய்ரா. இருவருமே ஐந்து வெவ்வேறு நாடுகளின் அணிகளோடு பயிற்சியாளராகக் கால்பந்து உலகக் கோப்பைக்குப் போனவர்கள். கையில் கோப்பை இருப்பது பரெய்ராவிடம்தான், 1994-இல் பிரேசிலுடன். ஆனால் குவைத், அமீரகம், சவூதி என்று அவர் போன மற்ற அணிகள் எதுவும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. 1998-இல் இரண்டே ஆட்டங்களில் சவூதி அவரை நீக்கிவிட்டது. 2010-இல் தென்னாப்பிரிக்கா பிரான்ஸை 2-1 என வென்றும் வெளியேறியது.

போராவின் கதை வேறு. மெக்சிகோ, கோஸ்டாரிகா, அமெரிக்கா, நைஜீரியா என நான்கு அணிகளையும் முதல் சுற்றைத் தாண்ட வைத்தார். அதிலும் 1990-இல் கோஸ்டாரிகாவுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை. ஸ்காட்லாந்தும் ஸ்வீடனும் அதனிடம் தோற்றன. 2002-இல் சீனாவோடு மட்டும் பாச்சா பலிக்கவில்லை: மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை.

போராவின் அமெரிக்காவும் பரெய்ராவின் பிரேசிலும் நேருக்கு நேர் மோதியது 1994 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். முதல் பாதியிலேயே பிரேசில் வீரர் லியோனார்டோ சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பிரேசில் பத்துப் பேரோடு தவித்தது. 72-ஆவது நிமிடத்தில் பெபெட்டோ அடித்த ஒரே கோல் பரெய்ராவைக் காப்பாற்றியது.

நட்சத்திரங்கள் நிறைந்த அணி என்றால் பரெய்ராவிடம் கொடுப்பேன். யாரும் பொருட்படுத்தாத அணியா? சரி, போராவைக் கூப்பிடுங்கள்.