வேலூர் வெயிலுக்கு கேமனா, இசட்4-ஆ?

இரண்டு சீட், ஆறு சிலிண்டர், ரியர் வீல் டிரைவ் என்று முடிவு செய்துவிட்டு செகண்ட் ஹேண்டில் தேட ஆரம்பித்தால், வடிகட்டி வடிகட்டி கடைசியில் இரண்டு கார் வந்து நிற்கும். ஒன்று 981 தலைமுறை போர்ஷே கேமன், இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். இன்னொன்று பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ, இன்ஜின் முன்னால், தலைக்கு மேல் துணிக் கூரை. நான் எடுத்தது கேமன், 2014 மாடல், 2.7 லிட்டர், பிடிகே என்கிற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதனால் இங்கே தராசு அந்தப் பக்கம்தான் சாயும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசட்4 நெருங்கிய நண்பருடையது. ஆற்காட்டிலிருந்து ஏலகிரி வரைக்கும் ஓட்டியிருக்கிறேன், சர்வீஸ் பில்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒரு கோடை முழுக்க என் ஷெட்டில் வைத்துப் பராமரித்ததில்லை. இசட்4 பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி டிடி ஏன் இல்லை என்று கேட்பார்கள். நல்ல கார்தான், மழையில் அதன் குவாட்ரோ, அதாவது நான்கு சக்கர டிரைவ், கைகொடுக்கும். ஆனால் அதன் நான்கு சிலிண்டர் இன்ஜின் முன் சக்கரங்களுக்கு மேலே குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, ஓட்டும்போது அது ஒரு வேகமான ஹேட்ச்பேக் மாதிரிதான் திரும்புகிறது. இந்தக் காசுக்கு எனக்கு அது போதவில்லை.

எண்களில் இசட்4 ஜெயிக்கிறது, அதில் சண்டை கிடையாது. மூன்று லிட்டர் டர்போ, 340 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர், நூறைத் தொட 4.5 விநாடி. என் கேமன் 290 நியூட்டன் மீட்டர், 275 குதிரைத்திறன், அந்தக் குதிரைத்திறனும் 7,400 ஆர்பிஎம்மில்தான் முழுசாகக் கிடைக்கும். வாலாஜா டோல்கேட் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய இசட்4-இல் காலை லேசாக அழுத்தினால் போதும். கேமனில் இரண்டு கியர் கீழே இறக்கவேண்டும். நெடுஞ்சாலையில் மட்டுமே ஓடப்போகிற காரென்றால் பேச்சே வேண்டாம், இசட்4 எடுங்கள்.

வித்தியாசம் ஏலகிரியில்தான் தெரியும். வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பி மலையேறினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் கபிலர், பாரி என்று ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். இசட்4-இல் பிரேக் பிடித்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் மூக்கு திரும்பும், நீளமான பானட் முன்னால் போகும், ஒரு நொடி கழித்து நாம் உட்கார்ந்திருக்கிற இடம் பின்தொடரும், ஏனென்றால் அதில் டிரைவர் உட்காருவதே பின்சக்கரத்துக்குப் பக்கத்தில். கேமனில் இன்ஜின் எடை முதுகுக்குப் பின்னாலேயே, இரண்டு அச்சுக்கும் நடுவே இருப்பதால் கார் நம் இடுப்பை மையமாக வைத்துச் சுழல்கிற மாதிரி திரும்புகிறது. இரண்டுக்கும் வீல்பேஸ் கிட்டத்தட்ட ஒன்றுதான், கேமன் 2,475 மில்லிமீட்டர், இசட்4 2,470. ஆக இது நீளத்தால் வருகிற வித்தியாசம் இல்லை, எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதால் வருவது. வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டுவிட்டால் கேமனின் பின்பக்கம் இலேசாக நழுவப் பார்க்கும், அதுவும் உண்மை. மழை ஈரம் காயாத வளைவில் மிட்-இன்ஜின் காரை மரியாதையோடுதான் நடத்தவேண்டும்.

வேகத்தடை, பள்ளம் என்றால் இரண்டு காருக்குமே ஒரே தலைவலி. கோணலாக, மெதுவாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கவேண்டும். சாமான் வைப்பதில் கேமன் ஆச்சரியப்படுத்தும், முன்னால் 150 லிட்டர், பின்னால் 275 லிட்டர் என்று இரண்டு டிக்கி. பின் டிக்கி இன்ஜினை ஒட்டியிருப்பதால் சூடேறும். ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கினால் முன்னால் வையுங்கள். இசட்4-இன் கூரை பத்து விநாடியில் திறக்கும், மார்கழி இரவில் அதற்கு ஈடு எதுவும் கிடையாது. ஆனால் நம் ஊரில் திறந்து ஓட்டக்கூடிய மாதங்கள் எத்தனை? மீதி நாளெல்லாம் அந்தத் துணி வெயிலில் காய்ந்து, தூசி படிந்து, மலை மேல் நிறுத்தினால் குரங்குக்கும் பயந்து கிடக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இந்த மாதிரி காரை வைத்துக்கொள்ள முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது குதிரைத்திறன் அல்ல, வெப்பம். சித்திரை, வைகாசியில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில் கிரீன் சர்க்கிளிலிருந்து காட்பாடிப் பாலம் வரை ஊர்ந்து போகிறபோது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கூலிங் என்ன பாடுபடுகிறது என்பதை யோசித்துத்தான் வாங்கவேண்டும்.

கேமனில் இன்ஜின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்னால்தான், பம்பரின் இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஏசி கண்டென்சர். கூலண்ட் காரின் முழு நீளத்துக்கும் அடியில் பைப் வழியாக முன்னும் பின்னும் ஓடுகிறது. காற்று பம்பர் வாய் வழியாக நுழைந்து, இரண்டையும் கடந்து, முன் சக்கரத்துக்கு அருகே வெளியேறும். சிக்கல் அந்த வாயில் இருக்கிறது. பெரிய கண் வைத்த கிரில், ரோட்டில் கிடக்கிற எதையும் உள்ளே விட்டுவிடும்.

பம்பரைக் கழற்றி ஒரு தடவை பார்த்தால்தான் புரியும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் விரல் நுழையாத சந்து. அதற்குள் புளிய இலை, வேப்பஞ்சருகு, பாக்கு பாக்கெட் கிழிசல், செத்த வண்டு, எல்லாம் செம்மண்ணோடு சேர்ந்து வறட்டி மாதிரி இறுகிக் கிடக்கும். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கண்டென்சரின் முகம்தான் தெரியும், அது ஓரளவு சுத்தமாகவே இருக்கும். அடைப்பு அதற்குப் பின்னால். ஈரம் சேர்ந்த சருகு உட்கார்ந்த இடத்தில் அலுமினியம் அரிக்கும், கண்டென்சரில் ஊசித் துளை விழும், கேஸ் போய்விடும். டெம்பரேச்சர் முள் ஏறுவதற்கு முன்னாலேயே, டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஏசி மந்தமாகி, ஓடும்போது சரியாகிவிடும். அதைப் பார்த்து கேஸ் குறைவு என்று நினைத்து நிரப்பிக்கொண்டே இருந்தால் காசுதான் போகும்.

செய்யவேண்டியது சிம்பிள்தான். பங்குனி பிறப்பதற்குள் வருடத்துக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றி, கண்டென்சரை ஸ்குரூ தளர்த்தி முன்னால் சாய்த்து, சருகைக் கையால் எடுத்துவிட்டு, வாக்குவம் போட்டு, கடைசியில் குறைந்த அழுத்தத் தண்ணீர். வாட்டர் வாஷ் கன்னை அங்கே காட்டவே கூடாது, ஃபின் எல்லாம் மடங்கிவிடும். நான் ராணிப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் செய்கிறேன். முதல் தடவை பானட்டைத் திறந்தவர் வெறும் பெட்டியைப் பார்த்துவிட்டு, “அண்ணா, இன்ஜினை எங்க வெச்சாங்க?” என்று கேட்டார், பிறகு தரையில் படுத்து பைப் எங்கிருந்து எங்கே போகிறதென்று டார்ச் அடித்து முழுசாகப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார். அந்தப் பொறுமை போதும், இந்த வேலைக்கு போர்ஷே பயிற்சி தேவையில்லை. சுத்தம் செய்த பிறகு பம்பர் வாயில் உள்பக்கமாக நுண் கண் ஸ்டீல் வலை வைத்துக் கட்டிவிட்டோம். காற்றோட்டம் ரொம்பக் குறையாத கண் அளவாகப் பார்த்து வாங்கவேண்டும்.

கூலண்ட் மாற்றுவதை மட்டும் உள்ளூரில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு நீளமான பைப்பில் காற்று சிக்கினால் வெளியேறாது, வாக்குவம் கருவி வைத்து இழுத்துத்தான் நிரப்பவேண்டும். அது இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். சென்னை இங்கிருந்து 140 கிலோமீட்டர் சொச்சம், பெங்களூரு 210 பக்கம்.

இதே வெயிலில் இசட்4? ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் அதற்கு அடுத்து, பைப் நீளம் குறைவு, பானட்டைத் திறந்தால் எல்லாம் கண் முன்னால். அடைப்பு வந்தாலும் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் அதில் டர்போ இருக்கிறது, அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலரும் அதற்கெனத் தனி ரேடியேட்டரும் இருக்கிறது, அத்தனையும் ஒரே பானட்டுக்குக் கீழே. என் கேமனில் டர்போவே இல்லை. சூடாகிற பொருள்களும் குறைவு, பத்துப் பன்னிரண்டு வயதில் போகக்கூடிய பொருள்களும் குறைவு. சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இல்லாத ஊரில் நான் கேமன் பக்கம் சாய்ந்ததற்கு இதுதான் முதல் காரணம். நண்பரின் இசட்4 இதுவரை ஒரு தொந்தரவும் தரவில்லை, அதையும் சொல்லவேண்டும். அது வயதாகும்போது எப்படி இருக்கும் என்பது என் அனுமானம் மட்டுமே.

பார்ட்ஸில் இசட்4 தெளிவாக முன்னால் நிற்கிறது. அதிலுள்ள பி58 இன்ஜினேதான் பிஎம்டபிள்யூவின் எம்340ஐ செடானிலும். எம்340ஐ நம் சென்னைப் பக்கத்து ஆலையிலேயே அசெம்பிள் ஆகிற கார். அதனால் அந்த இன்ஜினைத் தெரிந்த கைகளும் நிறைய. கேமனில் பெல்ட் மாற்றவே சீட்டுக்குப் பின்னாலுள்ள கார்பெட்டை உரித்து, தடுப்புத் தகட்டைக் கழற்றவேண்டும். ஸ்பார்க் பிளக்குக்கு கார் லிஃப்டில் ஏறவேண்டும். ஆனால் பிளக் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஆயில் வருடத்துக்கு ஒருமுறை. அதைத் தேதி தவறாமல் செய்துவிட்டால் இடையில் இன்ஜினைத் தொடவேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

டயர் இரண்டிலும் முன்னொரு சைஸ், பின்னொரு சைஸ். என்னுடையது முன்னால் 235/45 ஆர்18, பின்னால் 265/45 ஆர்18. முன்னும் பின்னும் மாற்றிப்போட வழியில்லை, பின் டயர் முதலில் தேயும், ஆர்டர் போட்டுத்தான் வரும். ஸ்டெப்னி இரண்டிலும் கிடையாது. பேட்டரி விஷயத்தில் கேமன்காரர்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும், பேட்டரி முன் டிக்கியில், அந்த டிக்கி திறப்பதோ மின்சாரத்தில். பேட்டரி செத்துவிட்டால் உள்ளே காலடியிலுள்ள ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு முனையை வெளியே இழுத்து, அதற்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால்தான் திறக்கும். வாரக்கணக்கில் நிறுத்துகிறவர் சார்ஜர் மாட்டியே வையுங்கள்.

எந்த வருட கேமன் என்பதும் முக்கியம். விலை மலிவு என்று 981-க்கு முந்தைய தலைமுறையான 987-இல், 2009 மாடலுக்கு முந்தைய வண்டிகள் பக்கம் போகாதீர்கள். அந்த இன்ஜின்களுக்குள் ஓர் இடைத்தண்டைத் தாங்குகிற ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று இருக்கிறது, அது உடைந்தால் இன்ஜினே போச்சு. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தப் பேரிங்கையே எடுத்துவிட்டார்கள், 981-க்கும் அந்தப் பயம் இல்லை. 2016-இல் வந்த 718 புதுசு, வேகமும் அதிகம், ஆனால் அதன் அடிப்படை மாடல் இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ. சத்தத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் அந்தத் தலைமுறையில் ஜிடிஎஸ் 4.0 மாதிரி மேல்தட்டு மாடல்களில்தான், விலை வேறு உலகம்.

பேப்பர் விஷயத்தில் இசட்4-க்கே லாபம். பழைய கேமனுக்கு ஜீரோ டெப் இன்சூரன்ஸ் பொதுவாகக் கிடைக்காது, பம்பரில் ஒரு கீறல் விழுந்தாலும் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். 2014 வண்டிக்கு 2029-இல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கவேண்டும், வாங்குகிறவர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார். பெங்களூரில் நல்ல வண்டிகள் கிடைக்கும், ஆனால் கேஏ நம்பரை டிஎன் 23-ஆக மாற்ற என்ஓசி, இங்கே மறுபடி சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும் இறக்குமதிக் காரின் அன்றைய விலைக்குக் கணக்குப் போடும்போது தொகை கனமாகத்தான் வரும். பேரம் பேசுவதற்கு முன் ஆர்டிஓ ஆபீஸில் அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் தமிழ்நாட்டு நம்பர் வண்டியாகப் பார்த்து எடுப்பது பல சமயம் மொத்தத்தில் மலிவு.

தினமும் ஆபீஸுக்கு ஓட்டுவேன், அடிக்கடி சென்னை போவேன், சர்வீஸை மொத்தமாக ஷோரூமிடம் ஒப்படைத்துவிடுவேன் என்பவருக்கு இசட்4 சரி. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மலைக்குப் போகத்தான் கார், வருடத்துக்கு ஒரு நாள் பம்பர் வேலைக்குப் பக்கத்தில் நிற்கப் பொறுமை இருக்கிறது என்பவர் கேமனைப் பாருங்கள். பார்க்கும்போது பாலிஷில் மயங்காமல் மத்தியான வெயிலில் கொண்டுவரச் சொல்லி, ஏசி போட்டு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். காற்று சூடாக ஆரம்பித்தால் பம்பரைக் கழற்றிப் பார்க்கக் கேளுங்கள், கண்டென்சர் இரண்டு, ரேடியேட்டர் இரண்டு, நான்கின் விலையையும் கழித்துப் பேசுங்கள்.